உறவுக்காரர் தரும் குழந்தையை அமெரிக்காவுக்கு அழைத்துச் செல்ல முடியுமா?

நியூ ஜெர்சியில் வசிக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன். அவருக்கு வயது 44, கணவருக்கு 46. இருவருமே திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். அமெரிக்கக் குடியுரிமை பெற்று, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்கள். செயற்கைக் கருத்தரிப்பு பலமுறை பலிக்காமல் போன பிறகு தத்தெடுக்க முடிவு செய்திருக்கிறார்கள். கணவருடைய பெரியப்பா மகனின் மனைவி இப்போது மூன்றாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருக்கிறார். "பிறக்கப்போவதை உங்களுக்கே கொடுத்துவிடுகிறோம்" என்று அந்தக் குடும்பம் சொல்லியிருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் தத்துப் பத்திரம் பதிந்துவிட்டால் மூன்று மாதத்தில் குழந்தையை விமானம் ஏற்றிவிடலாம் என்று ஊரில் ஒரு பத்திர எழுத்தர் உறுதி கூறியிருக்கிறார். யார் பெற்றது, எந்தச் சாதி என்று தெரியாத குழந்தையை எடுப்பதைவிட இதுவே மேல் என்பது மாமியாரின் நிலை. இதற்கிடையில் தெரிந்தவர் ஒருவர், பிறந்த குழந்தையை இவர்கள் பெயரிலேயே பிறப்புச் சான்றிதழோடு வாங்கித் தர முடியும் என்றும் சொல்லிப் பார்த்திருக்கிறார். இவற்றில் எது சரியான வழி, இரண்டும் ஆகாதென்றால் என்ன செய்வது, கணவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தடையாகுமா, குழந்தையிடம் தத்து என்பதைப் பதினெட்டு வயது வரை சொல்லாமல் இருக்கலாமா என்பவை வாசகியின் கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

பத்திரம் எழுதி விமானச்சீட்டு எடுத்த பிறகு எழுதாமல், அதற்கு முன்பே எழுதினீர்களே, அது நல்லதாயிற்று. உங்கள் திட்டத்தில் குழந்தை முன்னால் வந்து நிற்கிறது, அனுமதிகள் பின்னால் வருகின்றன. நாடு கடந்த தத்தெடுப்பில் இந்த வரிசை தலைகீழானது. நீங்கள் பெற்றோராகத் தகுதியானவர்கள் என்பதை முதலில் அமெரிக்க அரசு ஏற்க வேண்டும். தத்துக்கு உரியது என்று இந்தியச் சட்டப்படி அறிவிக்கப்பட்ட ஒரு குழந்தையோடு உங்களை இந்திய அரசு அதற்குப் பிறகு இணைக்க வேண்டும். இரண்டு நாடுகளும் சம்மதித்த பின்னரே தத்து ஆணை. இந்த வரிசையில் ஒரு படி மாறினாலும், பத்திரத்தில் நீங்கள் பெற்றோராகவும், குழந்தை இந்தியாவிலும் நீங்கள் நியூ ஜெர்சியிலுமாக வருடக்கணக்கில் பிரிந்திருக்க நேரிடும். அப்படித் தவிக்கும் குடும்பங்கள் எங்களைப் போன்ற வழக்கறிஞர்களுக்குப் புதியவை அல்ல.

தத்துப் பத்திரம் எங்கே போதும், எங்கே போதாது

பத்திர எழுத்தர் சொன்னது முழுப் பொய் இல்லை. இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், 1956-இன்படி, பதினைந்து வயது நிரம்பாத குழந்தையைப் பெற்றவர்கள் மனமொப்பிக் கொடுக்க, மற்றவர்கள் ஏற்றுக்கொள்வது செல்லத்தக்க தத்துதான். நீங்கள் பாளையங்கோட்டையில் குடியிருந்தால் அத்தோடு பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். குழந்தை எல்லை தாண்ட வேண்டும் என்ற நிலையில்தான் கணக்கு மாறுகிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், நாடு கடந்த தத்துகள் எல்லாம் தன் வழியாகவே நடக்க வேண்டும் என்று 56-ஆம் பிரிவில் கூறுகிறது. முறையான ஆணை இல்லாமல் குழந்தையை வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்வதையும் அனுப்புவதையும் அதே பிரிவு தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. பத்திரம் மூலம் தத்தெடுத்த குழந்தையை அழைத்துச் செல்ல விரும்புவோருக்கென விதிகளில் ஒரு வழி பின்னர் சேர்க்கப்பட்டிருப்பது உண்மை. அதற்கும் மாவட்ட ஆட்சியரின் விசாரணையும், காரா என்று எல்லோரும் அழைக்கும் மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் தடையில்லாச் சான்றும் வேண்டும்.

உறவினர் தத்துக்குத் தனி வழி இருக்கிறதே என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். இருக்கிறது, அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 60-ஆம் பிரிவில். ஆனால் "உறவினர்" என்று அந்தச் சட்டம் சொல்வது குழந்தையின் தாய் தந்தையருக்கு உடன்பிறந்தவர்களையும், இருவழித் தாத்தா பாட்டிகளையும்தான். நம் முறைப்படி உங்கள் கணவர் அந்தக் குழந்தைக்குப் பெரியப்பா ஆகலாம். சட்டத்தின் பட்டியலில் ஒன்றுவிட்ட உறவு என்று ஒன்று இல்லை. கணவருடைய கூடப்பிறந்த தம்பியின் குழந்தையாக இருந்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

இதைவிடப் பெரிய தடை அமெரிக்கப் பக்கம் இருக்கிறது. நாடு கடந்த தத்துகளுக்கான சர்வதேச ஒப்பந்தமான 1993-ஆம் ஆண்டின் ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கை இந்தியாவில் 2003 அக்டோபரிலிருந்தும், அமெரிக்காவில் 2008 ஏப்ரலிலிருந்தும் நடைமுறையில் உள்ளது. அதன்படி உங்கள் தகுதிக்கான ஐ-800ஏ ஒப்புதலும், குறிப்பிட்ட குழந்தைக்கான ஐ-800 தற்காலிக ஒப்புதலும் கிடைத்த பிறகே தத்து நடக்க வேண்டும். முதலில் தத்தெடுத்துவிட்டுப் பிறகு விண்ணப்பித்தால் விசா மறுக்கப்படும். குழந்தை உறவா, அந்நியமா என்பது அங்கே கணக்கில்லை. அமெரிக்கக் குடியுரிமை உள்ள பெற்றோர் இரண்டாண்டுகள் வெளிநாட்டில் குழந்தையோடு ஒரே வீட்டில் வாழ்ந்து, அந்தக் காலம் முழுவதும் சட்டப்படியான பொறுப்பையும் வைத்திருந்தால் வேறு வகை விண்ணப்பத்துக்கு இடமுண்டு. வேலையை விட்டுவிட்டுத் திருநெல்வேலியில் இரண்டு வருடம் குடியிருக்க உங்களில் ஒருவர் தயாராக இருந்து, இந்தியத் தரப்பு அனுமதியும் கிடைத்தால் மட்டும் அதை யோசியுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, நீங்கள் எழுதாமல் விட்டது. அந்தப் பெண் என்ன நினைக்கிறார்? கடிதம் முழுவதும் "அவர்கள் குடும்பம் சொன்னது" என்றே இருக்கிறது, அவர் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. ஹேக் உடன்படிக்கை, தாயின் சம்மதம் குழந்தை பிறந்த பிறகே பெறப்பட வேண்டும் என்றும், அது பணத்தால் தூண்டப்பட்டதாக இருக்கக் கூடாது என்றும் கூறுகிறது. குழந்தையை அரசிடம் ஒப்படைக்கும் பெற்றோருக்குக்கூட மறுபரிசீலனை செய்ய இரண்டு மாத அவகாசத்தை இந்தியச் சட்டம் தருகிறது. அப்படி ஒப்படைத்தாலும் "இந்தக் குழந்தை இன்னாருக்குத்தான்" என்று யாரும் எழுதி வைக்க முடியாது. ஆகவே வயிற்றில் இருக்கும்போது கொடுத்த வாக்கை வாக்காகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரசவத்துக்கு முன்பே, "இது எங்களால் ஆகாது, நீங்கள் எந்தக் கடமையிலும் இல்லை" என்று அவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். உதவி செய்ய மனமிருந்தால் குழந்தையை எதிர்பார்க்காமல் செய்யுங்கள்.

பிறப்புச் சான்றிதழோடு வரும் குழந்தை

இதில் ஆலோசனைக்கு எதுவும் இல்லை. அது குழந்தை விற்பனை. இளைஞர் நீதிச் சட்டத்தின் 81-ஆம் பிரிவின்படி விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஐந்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. 2019 ஏப்ரலில் ராசிபுரத்தில் முன்னாள் செவிலியர் ஒருவர் பேசிய ஒலிப்பதிவு வெளியாகி, கைதுகள் தொடர்ந்தது உங்கள் நினைவில் இருக்கலாம். 1990-களின் பிற்பகுதியில் சென்னையின் ஏழைக் குடும்பங்களிலிருந்து கடத்தப்பட்ட குழந்தைகள் போலிக் காகிதங்களோடு வெளிநாட்டுத் தம்பதிகளிடம் போய்ச் சேர்ந்த கதையும் உண்டு. அந்தத் தம்பதிகளில் பலர் எல்லாம் முறையாக நடந்தது என்றே நம்பியிருந்தார்கள். இன்றைய கெடுபிடிகளில் பெரும்பகுதி இப்படிப்பட்ட அனுபவங்களால் வந்தது. அதற்கும் முன்பே, வெளிநாட்டுத் தத்துகளில் நடக்கும் முறைகேடுகள் குறித்து லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் எழுதிய ஒரு கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக ஏற்று, 1984-இல் விரிவான நெறிமுறைகளை வகுத்தது. அந்தத் தெரிந்தவரிடம் இனிப் பேச வேண்டாம்.

உங்களுக்குத் திறந்திருக்கும் வழி

முதலில் இரண்டு திருத்தங்கள். நீங்கள் உங்களை என்ஆர்ஐ என்று எழுதுகிறீர்கள். இந்தியக் கடவுச்சீட்டை விடாமல் வெளிநாட்டில் வாழ்பவர்களைத்தான் தத்தெடுப்பு விதிகள் அப்படிக் கருதுகின்றன. அவர்கள் உள்நாட்டுப் பெற்றோரோடு ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஓசிஐ அட்டைதாரர்களான உங்களுக்கு மற்ற வெளிநாட்டவர்களைவிட முன்னுரிமை உண்டு, ஆனால் உங்கள் முறை அந்த முதல் வரிசைக்குப் பிறகுதான். தத்துக்கு உரியது என்று அறிவிக்கப்பட்ட ஒரு குழந்தைக்கு அறுபது நாள்களுக்குள் இந்தியப் பெற்றோரோ என்ஆர்ஐ பெற்றோரோ அமையாதபோதுதான் அந்தக் குழந்தை நாடு கடந்த தத்துக்கு வருகிறது.

அடுத்தது வயது. 2022-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு விதிகள் தம்பதியரின் வயதைக் கூட்டிப் பார்க்கின்றன. இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு அந்தக் கூட்டுத்தொகை 85-ஐத் தாண்டக் கூடாது. இரண்டு முதல் நான்கு வயது வரை 90. நான்கு முதல் எட்டு வயது வரை 100. உங்கள் கூட்டுத்தொகை இன்று 90. கைக்குழந்தை என்ற கனவு இந்த வழியில் முடிந்துவிட்டது என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவதே உங்களுக்கு நான் செய்யும் நன்மை. அதைச் சொல்லி அழ வேண்டுமென்றால் அழுங்கள். பிறக்காமல் போன குழந்தையின் இடத்தை நிரப்பும் வேலையை, வரப்போகும் குழந்தையிடம் கொடுக்கக் கூடாது. தேவைப்பட்டால், உங்கள் வீட்டையும் தகுதியையும் முகமையினர் ஆராயும் வீட்டாய்வு தொடங்கும் முன் ஒரு மனநல ஆலோசகரை இருவருமாகப் பார்த்துவிடுங்கள்.

சிறப்புத் தேவை உள்ளவர்கள், ஐந்து வயதைக் கடந்தவர்கள், பிரிக்கக் கூடாத உடன்பிறப்புகள் ஆகிய குழந்தைகளை நாடு கடந்த தத்துக்கு முன்னுரிமையோடு தரலாம் என்று சட்டமே கூறுகிறது. உங்களுக்கு வரக்கூடிய குழந்தை பெரும்பாலும் இவர்களில் ஒருவராக இருக்கும். "சிறப்புத் தேவை" என்றதும் அஞ்ச வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். ஓர் அறுவை சிகிச்சையோடு தீர்வதும் அதில் உண்டு, ஆயுள் முழுவதும் கூட வருவதும் உண்டு. எதை உங்களால் ஏற்க முடியும் என்பதை வீட்டாய்வின்போதே உண்மையாகச் சொல்லிவிடுங்கள். நல்லவர்களாகத் தோன்ற வேண்டும் என்பதற்காக எல்லாவற்றுக்கும் சம்மதம் சொல்லும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். பிறகு துன்பப்படுவது குழந்தைதான்.

நடைமுறை இப்படிப் போகும். அமெரிக்க அங்கீகாரமும் காராவின் அங்கீகாரமும் சேர்ந்து பெற்ற ஒரு முகமையை அங்கே தேர்ந்தெடுக்கிறீர்கள். அவர்கள் வீட்டாய்வு நடத்துவார்கள், குறைந்தது பத்து மணி நேரப் பயிற்சியும் உண்டு. ஐ-800ஏ ஒப்புதலுக்குப் பிறகு காராவின் இணையவழிப் பதிவில் உங்கள் பெயர் ஏறும். முறை வரும்போது ஒரு குழந்தையின் பின்னணி அறிக்கையும் மருத்துவ அறிக்கையும் உங்களுக்கு வரும். முடிவெடுக்க அப்போது கிடைக்கும் அவகாசம் குறுகியது. மருத்துவ அறிக்கையைப் படித்துச் சொல்ல ஒரு குழந்தை மருத்துவரை முன்கூட்டியே பேசி வைத்திருங்கள். ஏற்றுக்கொண்டதும் ஐ-800, அதன் பின் காராவின் தடையில்லாச் சான்று, மாவட்ட ஆட்சியரின் தத்து ஆணை, ஹேக் உடன்படிக்கைப்படி நடந்தது என்பதற்கான சான்று, உங்கள் பெயர்களுடன் பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, விசா என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். 2022 செப்டம்பர் வரை நீதிமன்றம் தந்த ஆணையை இப்போது ஆட்சியர் தருகிறார் என்பதால் பழைய அனுபவங்களை வைத்து யாரும் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். தடையில்லாச் சான்று கிடைத்த பிறகு, ஆணை வரும் வரை குழந்தையை இந்தியாவில் உங்கள் பராமரிப்பில் வைத்துக்கொள்ளவும் விதிகளில் இடமுண்டு. விடுப்பு கிடைத்தால் இதைத் தவறவிடாதீர்கள். இந்தியாவிலேயே தத்து முடிந்த குழந்தைக்குத் தரப்படும் ஐஎச்-3 விசாவில் பதினெட்டு வயதுக்குட்பட்ட குழந்தை அமெரிக்க மண்ணில் நுழைந்ததும் தானாகவே அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிடும். சான்றிதழ் கைக்கு வரும் வரை விடாமல் கேளுங்கள்.

கணவரின் சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இருந்தால் அது தடையில்லை. உயிருக்கு ஆபத்தான நோய் இருக்கக் கூடாது என்பதே விதி. மறைக்க மட்டும் வேண்டாம். "இந்தியா தாமதமானால் வேறு நாடு" என்ற யோசனைக்கும் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். எத்தியோப்பியா 2018-இலும், சீனா நெருங்கிய உறவினர்களைத் தவிர மற்றவர்களுக்கு 2024-இலும் கதவை மூடிவிட்டன. உங்களுக்கு இந்தியாவே பொருத்தம்.

வீட்டுக்கு வந்த பிறகு

கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது: "வந்துவிட்டால் நாங்கள் பார்த்துக்கொள்வோம்." சட்ட வேலையைவிட இதுதான் நீண்டது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

வரும் குழந்தை தமிழ் பேசும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒடியாவோ மராத்தியோ மட்டும் தெரிந்த நான்கு வயதுச் சிறுமியாக அவள் இருக்கலாம். பொருத்தம் உறுதியானதுமே அந்த மொழியில் பசி, தண்ணீர், வலிக்கிறது, பயமாக இருக்கிறது, நான் இங்கேதான் இருக்கிறேன் போன்றவற்றையாவது பழகிக்கொள்ளுங்கள். காப்பகத்தில் அவளைப் பார்த்துக்கொண்ட ஆயாவிடம், என்ன சொல்லித் தூங்க வைப்பார்கள், எதைக் கொடுத்தால் சாப்பிடுவாள், எதற்குப் பயப்படுவாள் என்று கேட்டு எழுதி வாருங்கள். அவள் பெயரை உடனே மாற்றாதீர்கள். அவளுடையது என்று அவளிடம் இருப்பது அநேகமாக அது ஒன்றுதான்.

காப்பகத்தில் வளர்ந்த குழந்தை வந்த முதல் நாளே எல்லோர் மடியிலும் ஏறி உட்காரலாம். "எவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொண்டாள்" என்று உறவினர்கள் மகிழ்வார்கள். கைமாறிக் கைமாறி வளர்ந்ததால், யார் தன்னவர் என்று பிரித்துப் பார்க்க அவள் இன்னும் பழகவில்லை என்பதே பலசமயம் அதற்குப் பொருள். அதே குழந்தை தலையணைக்கடியில் சப்பாத்தியை ஒளித்து வைக்கலாம், விழுந்து அடிபட்டாலும் அழாமல் இருக்கலாம், இரவில் தூங்க மறுக்கலாம். இவை கெட்ட பழக்கங்கள் இல்லை, தண்டிக்காதீர்கள். சாப்பாடு எப்போதும் இருக்கும் என்று அவளுக்குப் புரியும்படி, கைக்கெட்டும் இடத்தில் ஒரு டப்பாவில் ஏதாவது வைத்திருங்கள்.

முதல் சில மாதங்களுக்கு ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் தூங்க வைப்பதும் நீங்கள் இருவர் மட்டுமே செய்ய வேண்டும். ஊரிலிருந்து மாமனார் மாமியார் வந்து தங்கி உதவுவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வரட்டும், சமையலையும் வீட்டையும் அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், குழந்தையை நீங்கள் பாருங்கள். பேத்தியைக் கண்டதும் வாரி எடுக்கத் துடிக்கும் பெரியவர்களிடம் இதைச் சொல்வது எளிதில்லை. மருத்துவர் சொன்னதாகச் சொல்லுங்கள், பெரும்பாலும் பொய்யாகாது. மண்டபம் பிடித்து நூறு பேரை அழைக்கும் விருந்தை ஒரு வருடம் தள்ளி வையுங்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனமாக இருந்து நீங்கள் அங்கே ஓராண்டாவது வேலை பார்த்திருந்தால், தத்துக்காகப் பன்னிரண்டு வாரம் வரை சம்பளமில்லா விடுப்பு அமெரிக்கச் சட்டப்படி கிடைக்கும். அதற்கான சேமிப்பை இப்போதே தொடங்குங்கள்.

உங்களுக்கே மனம் சோர்ந்து போகலாம். இவ்வளவு ஏங்கிப் பெற்ற குழந்தையைப் பார்த்து எரிச்சல் வருகிறதே என்று குற்ற உணர்வும் வரலாம். பெற்றெடுத்த தாய்க்கு வருவதுபோல் தத்தெடுத்த தாய்க்கும் மனச்சோர்வு வருவதுண்டு, அதற்குச் சிகிச்சை இருக்கிறது. இரண்டாண்டுகளுக்கு, முதலாண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் அடுத்த ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், முகமையின் சமூகப் பணியாளர் வந்து அறிக்கை எழுதுவார். அவரைப் பரீட்சை அதிகாரியாகப் பார்த்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நடிக்காதீர்கள். கஷ்டத்தைச் சொன்னால் குழந்தையை எடுத்துக்கொண்டு போய்விட மாட்டார்கள், உதவி கிடைக்கும்.

சாதியும் இரகசியமும்

குழந்தையின் சாதியைக் கேட்டுத் தேர்ந்தெடுக்கும் வசதி காராவின் பதிவில் இல்லை, இருக்கவும் கூடாது. மாமியாரின் தயக்கத்தை அன்போடு கேளுங்கள், ஆனால் அதற்கு வாக்குரிமை கொடுக்காதீர்கள். அவர் மனம் மாறும் வரை காத்திருப்பதா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். குழந்தை வந்த பிறகும் அவர் அந்தப் பேச்சைத் தொடர்ந்தால் அதை நிறுத்த வேண்டிய பொறுப்பு உங்கள் கணவருடையது, உங்களுடையது இல்லை.

பதினெட்டு வயது வரை மறைப்பது என்பது நடக்காத காரியம். நான்கு வயதில் வருபவளுக்குத் தான் வந்தது நினைவிருக்கும். நினைவில்லாவிட்டாலும் ஊரில் "நான்கு பேருக்கு மட்டும்" தெரிந்த விஷயத்தை ஐந்தாமவர் ஒரு கல்யாண வீட்டில் சொல்லிவிடுவார். முதல் நாளிலிருந்தே அது வீட்டில் சாதாரணமாகப் புழங்கும் பேச்சாக இருக்கட்டும். பின்னாளில் தன் பிறப்பைத் தேட அவள் விரும்பினால், பதினெட்டு வயதுக்குப் பிறகு அவளாகவும், அதற்கு முன் உங்களோடு சேர்ந்தும் விண்ணப்பிக்க இந்திய விதிகள் இடம் தருகின்றன. காப்பகத்தின் பெயர், ஆணையின் நகல், முதல் புகைப்படங்கள் எல்லாவற்றையும் அவளுக்காகவே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.

கடைசியாக, அவசரமான ஒன்று. உங்கள் கணவருக்கு ஆகஸ்டில் 47 வயதாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றே கூட்டுத்தொகை 91 ஆகிவிடும். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கான தகுதி போய்விடும். பதிவு நாளன்று உள்ள வயதே கணக்கில் எடுக்கப்படும், ஆனால் பதிவுக்கு வீட்டாய்வு அறிக்கை வேண்டும், அதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். ஆகவே முகமையோடு முதல் சந்திப்பை இந்த வாரமே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டாய்வில் குழந்தையின் வயது வரம்பை இரண்டு முதல் ஆறு வரை என்று அகலமாகக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். பிறகு மாற்ற வேண்டுமானால் அறிக்கையையே திருத்தி மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கும்.